ஆல்கஹால், ஃபீனால், ஈத்தர்: எந்த பாண்ட் உடையுதுன்னு கேளுங்க

செகண்ட் பி.யூ (கர்நாடகாவோட பிளஸ் டூ) கெமிஸ்ட்ரில இந்த சாப்டர் ஆரம்பிச்சதும் பிள்ளைங்க நோட்டோட கடைசி பக்கத்துல ஒரு பட்டியல் வந்துடும், கோல்பே, ரைமர் டீமன், வில்லியம்சன்னு ரியாக்ஷன் பேரு, பேருக்கு நேரா அதுல சேர்க்கற ரியேஜன்ட், அதை ராத்திரி உக்காந்து உருப்போடறது. பெங்களூர் அல்சூர்ல வீட்டுலயே டியூஷன் எடுக்கறேன், வர்றவங்கள்ல பாதிக்கு மேல நம்ம தமிழ்ப் பிள்ளைங்க. காலேஜ்ல இங்கிலீஷ்ல தலையாட்டிட்டு வந்துடறாங்க, இங்க தமிழ்ல "அது ஏன் மிஸ் அப்படி?"ன்னு கேக்கும்போதுதான் எங்க இடிக்குதுன்னு தெரியுது. அந்த "ஏன்"தான் இந்த சாப்டரே, பட்டியல் இல்ல.

மூணுலயும் முக்கியமான ஆள் ஆக்சிஜன். ஆல்கஹால், ஃபீனால்ல அதுக்கு ஒரு பக்கம் கார்பன், இன்னொரு பக்கம் ஹைட்ரஜன், ஈத்தர்ல ரெண்டு பக்கமும் கார்பன். ஃபீனால்ல அந்த கார்பன் பென்சீன் ரிங்ல, அதாவது ஆறு கார்பன் வளையத்துல இருக்கும். எந்த ரியாக்ஷன் வந்தாலும் முதல்ல எந்தப் பக்கத்து பாண்ட், அதாவது பிணைப்பு, உடையுதுன்னு கேளுங்க, பெரும்பாலும் பதில் அதுலயே வந்துடும்.

எல்லாரும் தப்பா எழுதற கேள்வி ஒண்ணு இருக்கு, அனிசோலும் (ஆக்சிஜனுக்கு ஒரு பக்கம் பென்சீன் ரிங், இன்னொரு பக்கம் மெத்தில் இருக்கற ஈத்தர்) ஹைட்ரஜன் அயோடைடும் சேர்ந்தா என்ன வரும்னு. போன வாரம்கூட ஒரு பொண்ணு அயோடோபென்சீன், மெத்தனால்னு எழுதி நோட்டை நீட்டினா. நான் அந்த வரியை அடிக்கல, ஆக்சிஜன் மேல ரெண்டு லோன் பேர் (பாண்ட்ல சேராம சும்மா இருக்கற எலக்ட்ரான் ஜோடி) புள்ளி வச்சு அதுல ஒண்ணை ரிங் பக்கம் அம்பு போட்டு இழுக்கச் சொன்னேன். இழுத்ததும் ஆக்சிஜனுக்கும் ரிங்குக்கும் நடுவுல பாதி டபுள் பாண்ட் மாதிரி ஆயிடுது, ஒத்தைக் கயிறை ரெட்டையா முறுக்கினாப்ல, அது லேசுல அறுகாது. மெத்தில் பக்கம் இருக்கறது ஒத்தைக் கயிறுதான், அயோடைடு பின்னாடியிருந்து வந்து அங்கதான் தாக்கும். அப்போ கிடைக்கிறது மெத்தில் அயோடைடும் ஃபீனாலும். அவளே அடிச்சுட்டு மாத்தி எழுதினா, நான் வாயே திறக்கல.

அதே லோன் பேர் ரிங்குக்குள்ள போற விஷயம்தான் ஃபீனால் ஏன் ஆசிட் மாதிரி நடந்துக்குதுங்கறதுக்கும் காரணம். ஹைட்ரஜன் போனப்புறம் மிஞ்சற நெகட்டிவ் சார்ஜ் ஆக்சிஜன்லயே அடைஞ்சு கிடக்காம ரிங்கோட ஆர்த்தோ (பக்கத்து), பாரா (எதிர்) இடங்களுக்கும் பரவிடுது. ஃபீனாலோட பிகேஏ (இது கம்மியா இருந்தா ஆசிட் பலம் அதிகம்) சுமார் 10, எத்தனாலுக்கு (சாராயத்துல இருக்கற ஆல்கஹால்) சுமார் 16, 6 தானே வித்தியாசம்னு நினைக்காதீங்க, அது லாக் கணக்கு, பத்து லட்சம் மடங்கு. ஆனாலும் கார்பானிக் ஆசிட் அளவுக்கு வராது, அதனாலதான் ஃபீனால் காஸ்டிக் சோடால கரையும், ஆனா சமையல் சோடா கார்பானிக் ஆசிட்டோட உப்பு, அந்தக் கரைசல்ல போட்டா நுரை வராது. புரோமின் தண்ணி விட்டா உடனே வெள்ளையா 2,4,6-ட்ரைபுரோமோஃபீனால் இறங்கறதும் இதே எலக்ட்ரான் தாராளம்தான்.

ஈத்தர் பண்ற வில்லியம்சன் ரியாக்ஷன்ல ஒரு பொறி இருக்கு. டெர்ட்-பியூட்டைல் மெத்தில் ஈத்தர் வேணும்னா டெர்ட்-பியூட்டைல் புரோமைடை எடுக்காதீங்க, அங்க ஒரே கார்பன்ல மூணு மெத்தில், நெரிசல் அதிகம், மெத்தாக்சைடு உள்ள நுழைய முடியாம பக்கத்து ஹைட்ரஜனைப் பிடுங்கிடும், ஐசோபியூட்டீன்தான் வரும். டெர்ட்-பியூட்டாக்சைடு எடுத்து மெத்தில் புரோமைடோட விடுங்க. எத்தனாலும் கான்சன்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட்டும் 413 கெல்வின்ல ஈத்தர், 443ல எத்தீன், இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க.

பாடத்துல ரெண்டு வரில தாண்டிப் போறதை நான் ஒரு கிளாஸ் முழுக்க எடுப்பேன், மெத்தனால். எத்தனாலை விட ஒரே ஒரு கார்பன் கம்மி, வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். 1981ல இதே பெங்களூர்ல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு முந்நூறு பேருக்கு மேல செத்தாங்க, 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில நடந்தது பிள்ளைங்களுக்கே தெரியும். உடம்புக்குள்ள ஆல்கஹால் டீஹைட்ரோஜினேஸ்னு ஒரு என்சைம், ஓ-எச் பாண்டையும் பக்கத்து கார்பன்ல இருக்கற ஒரு சி-எச் பாண்டையும் சேர்த்து உடைச்சு மெத்தனாலை ஃபார்மால்டிஹைடு ஆக்குது, அது அடுத்து ஃபார்மிக் ஆசிட் ஆகுது. கண் நரம்பை அடிக்கறது இந்த ஃபார்மிக் ஆசிட்தான், அதனாலதான் பார்வை மங்கறது. எத்தனாலுக்கும் இதே வழிதான், ஆனா அங்க கடைசில வர்றது அசிட்டிக் ஆசிட், அதை உடம்பு சமாளிச்சுடும். இன்னொண்ணு, அந்த என்சைமுக்கு மெத்தனாலை விட எத்தனால்தான் ரொம்பப் பிடிக்கும், அதனாலதான் ஆஸ்பத்திரில அந்த என்சைமைத் தடுக்கற ஃபோமெபிசோல் மருந்து இல்லாத இடத்துல டாக்டருங்க அளந்து எத்தனாலே குடுக்கறாங்க, என்சைம் அதுல மும்முரமா இருக்கற நேரத்துல மெத்தனால் மாறாமலே டயாலிசிஸ்லயும் சிறுநீர்லயும் மூச்சுலயும் வெளிய போயிடும்.