ஸ்விஃப்ட் பிரேக் பெடல் ஒருவழியாகக் கெட்டியானது

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கம் இறங்கும்போது இரட்டைப் பாலத்துக்கு முந்தைய வளைவில் முன்னால் போன லாரி திடீரென்று வேகம் குறைத்தது. பெடலில் கால் வைத்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, வண்டி நேராக, அடக்கமாக நின்றது. இந்த ஸ்விஃப்டில் இப்படி ஒரு பெடலை நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி 2013 விஎக்ஸ்ஐ, 1197 சிசி பெட்ரோல். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். வண்டியை இன்னும் நன்றாக ஓட வைக்கணும் என்றதும் நண்பர்கள் எல்லாரும் சொன்னது கோன் ஃபில்டரும் (பெட்டி இல்லாமல் திறந்தபடி மாட்டும் ஏர் ஃபில்டர்) சத்தம் போடும் சைலன்சரும்தான். இரண்டையும் நான் தொடவே மாட்டேன். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் லாரி பின்னால் போனாலே பானெட் மேல் எவ்வளவு தூசி படியும் என்று பாருங்கள். அதில் திறந்த ஃபில்டரை மாட்டினால் இன்ஜின் அறையின் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். சூட்டுக் காற்றில் அடர்த்தி குறைவு, அப்புறம் பவர் எங்கிருந்து வரும்? கம்பெனி பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றினால் போதும். சைலன்சர் விஷயத்தில் வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்தும் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவையும் நினைவில் வையுங்கள். ஐந்து பேர், ஏசி, டிக்கி நிறைய சாமான் என்று போனாலும் இந்த இன்ஜின் மேட்டில் ஏறிவிடுகிறது. நம் ஊர் சாலைக்கு வேண்டியது நிறுத்தும் திறமை. அதனால் முதல் காசு பிரேக்குக்குத்தான் என்று முடிவு செய்தேன்.

பேட், டிஸ்க் மாற்றியதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின்னை மட்டும் சொல்லணும். போன முறை வெளியே கொடுத்தபோது சாதாரண சேசிஸ் கிரீஸைப் பூசி அனுப்பியிருந்தார்கள். அதில் பின்னின் ரப்பர் பூட் ஊதிப்போய், ஒரு பின் நகரவே இல்லை. உள்பக்க பேட் வெளிப்பக்கத்தைவிட மெலிந்திருந்ததுக்குக் காரணம் அதுதான். பிரேக்குக்கென்று வரும் சிலிகான் கிரீஸ் சின்ன டியூபாகக் கிடைக்கிறது, அதைத் தவிர வேறெதையும் அங்கே பூசாதீர்கள்.

என் தலையைத் தின்றது ஏர் எடுக்கும் வேலை, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றைப் பழைய ஆயிலோடு வெளியேற்றுவது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தரங்கள். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஆனால் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் டாட் 3-இன் அளவு 140-க்கும் டாட் 4-இன் அளவு 155-க்கும் இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்தால் காலிப்பர் அந்தச் சூட்டைத் தொடுவது பெரிய விஷயமில்லை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரை வரை இறங்கும். என் வண்டியில் ரிசர்வாயரிலிருந்து (பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பா) எடுத்த ஆயில் டிகாஷன் நிறத்தில் இருந்தது. முழுக்க டாட் 4-க்கு மாறினேன். டாட் 5 மட்டும் வேறு ஜாதி, சிலிகான், இதோடு சேராது. 5.1 சேரும்.

தனியாளாகச் செய்ய வசதி என்று ஆன்லைனில் கையால் உறிஞ்சும் வேக்கம் பம்ப் ஒன்று வாங்கியிருந்தேன். பின் இடது சக்கரத்தில் ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகான நிப்பிளில் மாட்டி இழுத்தால் குமிழி, குமிழி, குமிழி. ஆயில் வந்துகொண்டே இருக்கிறது, குமிழியும் நிற்கவில்லை. லைனில் அவ்வளவு காற்று இருக்க வாய்ப்பே இல்லை. நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்றையும் பம்ப் சேர்த்து உறிஞ்சுகிறது, அதுதான் சங்கதி. மரையைச் சுற்றி கொஞ்சம் சிலிகான் கிரீஸ் அப்பியதும் குமிழி பாதியாகக் குறைந்தது. ஆனால் டியூபில் தெரிவது உள்காற்றா வெளிக்காற்றா என்று உறுதியாகத் தெரியாத வேலை எனக்குப் பிடிக்காது. பம்பை ஓரம் வைத்துவிட்டு பழைய முறைக்கே போனேன்.

மச்சான் சீட்டில் உட்கார்ந்தான். நான் கீழே, மீன் தொட்டிக்கு வாங்கும் டியூபின் ஒரு முனை நிப்பிளில், மறு முனை ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள். “அமுத்து.” “அமுத்திட்டேன் மாமா.” நிப்பிளைக் கால் சுற்று திறந்து, குமிழி வந்ததும் மூடி, “விடு.” மூடுவதற்கு முன் அவன் காலை எடுத்தால் காற்று திரும்பவும் உள்ளே போகும், எனவே நான் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்பதுதான் ஒப்பந்தம். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையும் வைத்திருந்தேன். பெடல் மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் பழையதானால், அதில் தினமும் ஓடாத அடிப்பகுதியில் துருவும் அழுக்கும் இருக்கும். பெடலைத் தரை வரை மிதித்தால் சீல் அங்கே உரசிக் கிழியும்.

நிப்பிள் கழற்ற ஆறு முக ஸ்பானரே வேண்டும். பன்னிரண்டு முகம் போட்டால் துருப்பிடித்த நிப்பிளின் முனை வழுவழுவென்று ஆகிவிடும். முந்தின நாளே டபிள்யூடி-40 அடித்து, சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் ஒரு மயிரிழை இறுக்கி, அப்புறம் தளர்த்தினால் வந்துவிடும். ஆயில் பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு குமிழி இல்லை, ஆனாலும் பெடல் நீளமாகவே போனது. இங்கே ஒரு சோதனை இருக்கிறது. பெடலை ஒருமுறை மிதித்து, விட்டு, உடனே மறுபடி மிதியுங்கள். இரண்டாவது தடவை மேலேயே நின்று கெட்டியாக இருந்தால் பெரும்பாலும் காற்று இல்லை, பின் டிரம்மின் உள்சுவரை அழுத்தவேண்டிய ஷூ அதிலிருந்து தள்ளி இருக்கிறது. எத்தனை தடவை மிதித்தாலும் சவசவ என்று இருந்தால்தான் காற்று. என் வண்டியில் முதல் வகை. டிரம்மைக் கழற்றிப் பார்த்தால், ஷூ தேயத் தேயத் தானாக வெளியே தள்ளவேண்டிய ஆட்டோ அட்ஜஸ்டர் தூசியில் இறுகி, ஒரு பல்கூட நகரவில்லை. பிரேக் கிளீனரால் கழுவி (வாயால் ஊதாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது), டிரம் மெல்ல உரசும் அளவுக்கு ஷூவை வெளியே கொண்டுவந்தேன். இரண்டு பக்கமும் முடித்து மச்சான் மிதித்தான். “மாமா, கல்லு மாதிரி இருக்கு.” அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பாடும்.

புது பேட் படிய அதியமான்கோட்டையிலிருந்து பாலக்கோடு ரோட்டில் அதிகாலையில் போனேன். 60-லிருந்து 15 வரை நிதானமாகப் பிடித்து, முழுதாக நிறுத்தாமல் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு, மறுபடி. சூடான பேடை டிஸ்க்கில் அழுத்தி நின்றுவிட்டால் பேடின் பொருள் அந்த இடத்தில் மட்டும் ஒட்டி, பின்னால் ஸ்டியரிங் ஆடும்.

இறக்கத்தில் இன்னொன்று. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரை விட்டால் எரிபொருளே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலுக்காகக் குடித்துக்கொண்டே இருக்கும். இன்ஜினை அணைத்துவிட்டால் இன்னும் மோசம், இரண்டு மூன்று மிதியில், கால் பலத்துக்குத் துணைசெய்யும் பூஸ்டரின் வேக்கம் தீர்ந்து பெடல் மரமாகும். தொப்பூரில் மூன்றாவது கியர், தேவைப்பட்டால் இரண்டாவது.

அடுத்தது டயர். இப்போது 165/80 ஆர்14 ஓடுகிறது (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்). அதே ரிம்மில் 185/70 ஆர்14 போடலாம் என்று இருக்கிறேன். விட்டம் ஏறக்குறைய 620 மில்லிமீட்டரிலிருந்து 615 ஆகும், ஸ்பீடோமீட்டர் ஒரு சதவீதத்துக்குள்தான் மாறும், ரோட்டில் படும் அகலம் கூடும். ஸ்டியரிங் கொஞ்சம் கனக்கும், மைலேஜும் லேசாகக் குறையும், எனக்குச் சம்மதம். தர்மபுரிக் கடைகளில் தயாரித்த வாரம் பார்க்காமல் எடுக்க மாட்டேன். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம்.

அதற்கு முன்னால் பிரேக்கிலேயே ஒரு வேலை பாக்கி. முன் இடது சக்கரத்துக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸில் மேல்தோல் வெடித்திருக்கிறது, கசிவு இல்லை. ஓசூரில் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், இங்கே கிடைத்தது எந்தக் கம்பெனி என்றே எழுதாத உருப்படி, பிரேக்கில் அதை நம்ப மாட்டேன். ஹோஸ் வந்ததும் அந்தச் சக்கரத்துக்கு மறுபடி ஏர் எடுக்கணும். திறந்த டின்னில் மிஞ்சிய ஆயிலை அதற்கு ஊற்றப் போவதில்லை, புது கால் லிட்டர் டின்னும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.