வேர் நான்காம் வீட்டில், நிழல் ஆறாம் வீட்டில்

ஜூன் 2

வரிசையாக ஒன்பது வீடுகள், பூச்சில்லாத செங்கல் முகப்பு. நான்கு, ஐந்து, ஆறு என மூன்று வீடுகளையும் ஒரே கொடி அத்தி போர்த்தியிருக்கிறது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இன்று அதற்கே ஒன்றரை மணி நேரம் போனது. ஐந்தாம் வீட்டு அக்காவுக்குப் படுக்கையறைச் சுவரில் ஈரம்; கொடியை வேரோடு எடுக்கச் சொல்கிறார். ஆறாம் வீட்டுப் பெரியவர், "அது இல்லேன்னா சாயங்கால வெயில்ல மாடில உக்கார முடியாதும்மா" என்கிறார். நான்காம் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. வேர் இருப்பது அங்கேதான்.

ரெண்டு பேர் சொல்றதும் நியாயம்தானே என்றேன். "அப்போ நீங்களே பாத்து ஒரு முடிவு சொல்லுங்க" என்றார் செயலாளர். வாயைத் திறந்திருக்கக் கூடாது.

ஜூன் 4

கிட்டே போய்ப் பார்த்தால் இது ஒரு செடி மாதிரியே இல்லை. கீழே நகமளவு இலைகள் சுவரோடு சுவராகப் படுத்திருக்கின்றன. தண்டைத் திருப்பினால் கணுவுக்குக் கணு பழைய பல்துலக்கி போலக் குட்டை வேர்கள். கூரைக்குக் கிட்டே போனதும் ஆளே வேறு: தடித்த பெரிய இலைகள், சுவரைப் பிடிக்காமல் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் கிளைகள், நடுவே பச்சைக் காய்கள். வயது வந்தபின் இந்தக் கொடி இப்படித்தான் ஆகும். காற்றடித்தால் அந்தக் கிளைகளின் பாரம் முழுவதும் கீழே ஒட்டியிருக்கும் பகுதியைத்தான் இழுக்கும்.

இந்த வேர்களை டார்வினே கண்ணாடித் துண்டில் அழுத்தி வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் போல ஆனதும் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த பசை வந்ததாம். தண்டை வெட்டினால் வரும் பால் வேறு, இது வேறு.

ஏணி போட்டு ஏறினேன். ஐந்தாம் வீட்டுக்கு மேலே மழைநீர் ஓடும் தகரக் கால்வாயில் கொடி புகுந்து, சருகு மட்கி, மண்ணாகவே ஆகிவிட்டது. தண்ணீர் போக வழியில்லாமல் சுவரில்தான் வழிகிறது. அக்கா வீட்டு ஈரத்துக்குக் காரணம் இதுதான். கொடி குற்றவாளிதான், ஆனால் நாம் நினைத்த இடத்தில் இல்லை.

ஜூன் 7

திருப்புளியால் செங்கல் இடுக்குகளைக் கீறிப் பார்த்தேன். ஆறாம் வீட்டில் வெறும் கோடுதான் விழுகிறது. ஐந்தில், ஜன்னலுக்குக் கீழே, சாந்து மணலாகக் கொட்டுகிறது. உறுதியான சுவரை இந்த வேர் துளைக்காது. மேலே பிடித்துக்கொள்ளும், அவ்வளவே. ஏற்கெனவே விரிசல் இருந்தால் உள்ளே போய்த் தடித்து, ஆப்பு அடித்த மாதிரி அகட்டிவிடும். ஆக, எந்தக் கொடி என்பதைவிட எந்தச் சுவர் என்று கேட்பதுதான் சரி. ஐந்தில் எடுத்தாக வேண்டும். ஆறில் இருக்கட்டும்.

ஜூன் 8

ஆர்வக்கோளாறு. பச்சைக் கொடியை அப்படியே பிடித்து இழுத்தேன். இரண்டு கை அகலத்துக்கு, செங்கல் இடுக்கை அடைத்திருந்த சாந்தும் கூடவே வந்துவிட்டது. கையெல்லாம் பால் பட்டு அரிப்பு வேறு. அடியில் வெட்டிவிட்டுச் சில வாரம் காயவிட்டிருக்க வேண்டும். அக்கா மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

ஜூன் 10

ஐந்தில் வெட்டினால் ஆறாம் வீட்டுப் பச்சையும் வாடிவிடும். சுவரில் இருக்கும் வேர் பிடித்துக்கொள்ளத்தான், சோறு போடுவது மண்ணில் இருக்கும் வேர். அதனால் ஆறாம் வீட்டு வாசலில் தொங்கிய நீளத் தண்டை மண்ணில் பதியம் போட்டேன். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கணுவில் மண் மூடி, மேலே ஒரு கல். தண்ணீர் ஊற்றும் பொறுப்பைப் பெரியவர் கேட்டு வாங்கிக்கொண்டார். மழைநீர்க் கால்வாயை ஆள் வைத்துச் சுத்தம் செய்தாயிற்று.

ஜூலை 29

பதியம் பிடித்துவிட்டது, இழுத்தால் வரவில்லை. ஐந்தின் இரு எல்லையிலும் மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். வெட்டும் முன் கூடு ஏதாவது இருக்கிறதா என்று இலைகளை விலக்கிப் பார்த்தோம். பழைய கூடு ஒன்று, காலி.

ஆகஸ்ட் 24

காய்ந்த தண்டுகள் இன்று தொட்டாலே வந்தன. ஆனால் வேர்த் தடம் செங்கல்லில் மயிர் மயிராக நிற்கிறது. இன்னொரு கொடியின், வர்ஜீனியா க்ரீப்பரின், பற்றுக்கம்பியையும் டார்வின் சோதித்திருக்கிறார்: பத்து வருடமாவது ஆகியிருக்கும் என்று அவர் கணித்த ஒரே ஒரு கிளை 2 பவுண்டு, அதாவது 900 கிராம் போல, தாங்கியதாம். நம்முடையதும் லேசில் விடுவதாக இல்லை. நனைத்து நைலான் பிரஷ்ஷால் தேய்த்ததில் பாதி போனது. கம்பி பிரஷ் செங்கல்லைக் கீறிவிடும், தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் இருக்கிற சாந்தும் போய்விடும் என்பதால் மீதியை அப்படியே விட்டுவிட்டோம்.

கொத்தனார் சிமெண்டோடு வந்தார். பழைய சாந்து சுண்ணாம்புக் காரை. அதில் கெட்டி சிமெண்ட் அடைத்தால் ஈரம் இடுக்கு வழியாக வெளியேற முடியாமல் செங்கல் வழியாகவே வரும், கொஞ்ச நாளில் செங்கல் முகம் பொரிந்து உதிரும். அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு சுண்ணாம்பு வாங்கப் போனார்.

செப்டம்பர் 15

சுவர் காய்ந்துவிட்டது. இப்போது அக்காவே, "மொட்டையா இருக்கே, ஏதாவது பூக்கொடி வைக்கலாமா?" என்கிறார். சங்குப்பூ சொன்னேன், அது சுற்றி ஏறும், ஒட்டாது. சுவரிலிருந்து நான்கு விரல் இடைவெளி விட்டுக் கம்பிச் சட்டம், திருகாணி செங்கல்லில் இல்லாமல் இடுக்கில்.

அக்டோபர் 6

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறோம். கூரைக்கு ஒரு முழம் கீழே இன்னொரு கோடு. காலையில் பார்த்தால் பக்கவாட்டுக் கோட்டை ஒரு தளிர் இரண்டு விரற்கடை தாண்டியிருந்தது. பெரியவர் கத்தரியோடு அங்கேதான் நின்றிருந்தார்.

"நேத்து ராத்திரி வரைக்கும் இல்லம்மா" என்றார்.