குடத்தின் அடியில் ஓடும் கோடு: ப்ளோ மோல்டிங் பாடத்தை நான் படித்த விதம்

பிளாஸ்டிக் தொழில்நுட்ப டிப்ளமோவில், சூடான பிளாஸ்டிக்கைக் காற்றால் ஊதி அச்சின் வடிவுக்கு விரிக்கும் ப்ளோ மோல்டிங் பாடத்தை எழுத்துத் தேர்வில் ஓரளவு நன்றாக எழுதிய நான், வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் தடுமாறி நின்றேன். தேர்வாளர் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேன் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் ஓடிய மெல்லிய கோட்டைக் காட்டி, "இந்தக் கோடு ஏன் வந்தது?" என்று கேட்டார். எக்ஸ்ட்ரூடர் (பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் இயந்திரம்), டை (அது வெளிவரும் வாய்), அச்சு, காற்று என்று வரிசையை ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, அந்தக் கோட்டுக்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. இந்தப் பாடத்தை எழுதவிருக்கும் மாணவர்களுக்கு, குறிப்பாக என்னைப் போலப் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர்களுக்கு, அதன்பிறகு நான் படித்த முறையைச் சொல்கிறேன்.

அந்த விடுமுறையில் கடலோர ஊரான தேவிபட்டினத்தில் எங்கள் தெருக் குழாயடியில் அம்மாவுடன் நின்றிருந்தபோது, தள்ளுவண்டியிலிருந்த பிளாஸ்டிக் குடங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றின் அடியிலும் அதே கோடு இருந்தது. நான் தேடுவதைக் கண்ட அம்மா, "எந்தக் குடமா இருந்தாலும் இந்தக் கோட்டுலதான்பா மொதல்ல ஒழுகும்" என்றார். பாடத்தின் மையம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

ஏறத்தாழ 180 முதல் 220 டிகிரி செல்சியஸ் வரை சூடாகி உருகிய ஹெச்டிபிஇ (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) பிளாஸ்டிக், வளைய வடிவ டை வழியாகச் சூடான குழாயாகக் கீழே தொங்குகிறது. இதற்குப் பாரிசன் என்று பெயர். அச்சின் இரு பாதிகளும் மூடும்போது குழாயின் கீழ் முனை நசுங்கி, உள்சுவர்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி அடைபடுகின்றன. பிறகு சுமார் 4 முதல் 10 பார் அழுத்தத்தில் காற்று உள்ளே செலுத்தப்பட, குழாய் விரிந்து, குளிர்ந்த அச்சுச் சுவரில் பட்டு இறுகுகிறது. ஆகவே குடத்தின் அடியிலுள்ள கோடு என்பது ஒரு பற்று, அதாவது இரு சுவர்கள் ஒட்டிய இடம். பிளாஸ்டிக் போதிய சூடின்றி இருந்தாலும், அச்சின் கவ்வும் விளிம்பு மிகக் கூர்மையாக இருந்து சுவர்கள் ஒட்டுவதற்கு முன்பே வெட்டிவிட்டாலும், அந்தப் பற்று வலுவிழக்கும். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் கோடு வேறு. அது அச்சின் பாதிகள் சேரும் இடத்தின் தடம் மட்டுமே, அங்கே ஒட்டு எதுவும் இல்லை. இவ்விரண்டையும் குழப்பி எழுதி மதிப்பெண் இழந்தவர்களை நான் நேரில் அறிவேன்.

ஒழுகும் குடத்தைப் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் உருக்கி அடைத்துத் தருபவர்களை நம் தெருக்களில் பார்த்திருப்பீர்கள். மீண்டும் உருகி மீண்டும் ஒட்டும் தெர்மோபிளாஸ்டிக் என்பதால்தான் அது முடிகிறது. ப்ளோ மோல்டிங்குக்கும் அந்தக் குணமே அடிப்படை.

கணக்குப் பகுதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது தவறு, ஏனெனில் இந்தப் பாடத்தில் உறுதியாக மதிப்பெண் கிடைக்கும் இடம் அதுதான். டையிலிருந்து வெளிவரும் பாரிசன் விட்டத்திலும் தடிமனிலும் உப்பிப் பெருக்கும் என்பதை மறக்காமல் இருந்தால் போதும். டையின் சராசரி விட்டம் 40 மி.மீ., பிளாஸ்டிக் வெளிவரும் வளைய இடைவெளி 2 மி.மீ., விட்டத்தின் உப்பல் விகிதம் 1.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிசனின் விட்டம் 60 மி.மீ. ஆகும். தடிமனின் உப்பல் விகிதம் அதன் வர்க்கம், அதாவது 2.25 என்று கொள்வது வழக்கம் என்பதால், தடிமன் 4.5 மி.மீ. ஆகும். நீளவாட்டில் இழுபடவில்லை என்று கொண்டு, 180 மி.மீ. விட்டமுள்ள அச்சில் அது மூன்று மடங்கு விரியும்போது சுவர் 1.5 மி.மீ. ஆக மெலிகிறது. உப்புதலை மறந்தவருக்கு 0.44 மி.மீ. என்று விடை வரும். அவ்வளவு மெல்லிய சுவருள்ள கேனில் டீசல் நிரப்பி எந்தப் படகிலும் ஏற்ற மாட்டார்கள் என்று யோசித்தாலே பிழை தெரிந்துவிடும்.

தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தால் கோடு இருக்காது; நடுவில் ஒரு புள்ளி இருக்கும். முதலில் இன்ஜெக்‌ஷன் மோல்டிங்கில் (உருகிய பிளாஸ்டிக்கை மூடிய அச்சுக்குள் அழுத்திச் செலுத்தும் முறை) சோதனைக்குழாய் போன்ற ப்ரீஃபார்ம் ஒன்றைச் செய்கிறார்கள். உருகிய பெட் (தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்) அச்சுக்குள் நுழைந்த வாயின் தடமே அந்தப் புள்ளி. திருகுமரையுள்ள கழுத்து அப்போதே முழுமையாகிவிடுகிறது. பிறகு உடற்பகுதியை மட்டும் 100 டிகிரியை ஒட்டிச் சூடாக்கி, கம்பியால் நீளவாட்டில் இழுத்து, 25 முதல் 40 பார் வரையிலான காற்றால் அகலவாட்டில் விரிக்கிறார்கள். இங்கே பிளாஸ்டிக் உருகிய நிலையில் இல்லாமல் ரப்பர் போல விறைப்பாக இருப்பதால்தான் இவ்வளவு அழுத்தம் தேவைப்படுகிறது. இரு திசையிலும் இழுபடுவதால் மூலக்கூறுகள் அடுக்காக அமைந்து, மெல்லிய சுவரும் சோடாவின் அழுத்தத்தைத் தாங்குகிறது. சூடு அதிகமானால் படிகமாகி மங்கும். குறைந்தால் பால்வெள்ளையாக வெளிறும். பெட்டை முன்கூட்டியே நன்கு உலர்த்தாவிட்டால் ஈரம் மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுத்துவிடும். பாட்டில் கெடுவதற்கான இந்த மூன்று காரணங்களையும் சேர்த்து எழுதுங்கள்.

ப்ரீஃபார்மை இழுக்காமல் ஊதி மட்டும் விரிக்கும், மருந்துக் குப்பிகளுக்கான இன்ஜெக்‌ஷன் ப்ளோ முறையை ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம். மாடியில் உள்ள பெரிய தண்ணீர்த் தொட்டியை மட்டும் இந்த வரிசையில் எழுதிவிடாதீர்கள். அச்சைச் சூடாக்கிச் சுழற்றிச் செய்யும் வேறு முறை அது, அதில் ஊதும் காற்றுக்கு வேலையில்லை. மீன் கம்பெனிகளில் காணும் 200 லிட்டர் நீல டிரம் ப்ளோ மோல்டிங்கைச் சேர்ந்தது.

கடைசியாக ஒரு பயிற்சி. கரையில் பழைய கேன் ஒன்று கிடைத்தால், கழுவி, ஹேக்சா பிளேடால் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்து, வெர்னியர் காலிப்பரால் சுவரைப் பல இடங்களில் அளந்து, படம் வரைந்து குறித்துக்கொள்ளுங்கள். நான் அறுத்த கேனில் நடுச்சுவர் 1.4 மி.மீ., கீழ் மூலை 0.7 மி.மீ. இருந்தது. மற்ற இடங்கள் அச்சில் பட்டு இறுகிய பிறகும் மூலைக்குச் செல்லும் பகுதி மட்டும் தொடர்ந்து இழுபடுவதால் அது மெலிகிறது. அதைச் சரிசெய்ய, பாரிசன் இறங்கும்போதே டையின் இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, மூலைக்குச் செல்லும் பகுதியை முன்கூட்டியே தடித்ததாக விடுகிறார்கள். அடுத்த வாய்மொழித் தேர்வில் அந்தப் பாதிக் கேனைக் கையில் எடுத்துச் சென்றேன். தேர்வாளர் கேட்பதற்கு முன்பே அடிக்கோட்டில் தொடங்கிச் சொன்னேன்.