பல்லடத்து மேகாத்தும் பனி ஏரியின் பாய்ப்பலகையும்

ஆனி பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாயின் கதவை யாரோ எட்டி உதைத்துத் திறந்துவிட்ட மாதிரி மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, வந்து சேரும். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை என்று இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த மலைகள் நிற்க, நடுவில் முப்பது கிலோமீட்டருக்கும் அதிகமான அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பங்கைக் கேரளத்திலேயே இறக்கிவிட்டு, இந்த இடைவெளியில் நெருக்கியடித்து நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் என்று வெட்டவெளியில் விரியும். செப்டம்பர் வரைக்கும் காயப்போட்ட துணிக்கு இரண்டு கிளிப்பு வேண்டும். தென்னை ஓலை எல்லாம் கிழக்கே பார்த்துத்தான் நிற்கும். ஆடி நோம்பிக்குத் தூரி கட்டினால் ஆட்டிவிட ஆள் தேவைப்படாது என்று எங்கள் அப்பிச்சி கேலி செய்வார்.

இந்தக் காற்றிலேயே பிறந்து வளர்ந்தும், காற்றை வைத்து விளையாட நான் கற்றுக்கொண்டது என்னவோ அமெரிக்காவின் கார் நகரமான டெட்ராய்ட் பக்கத்தில் உறைந்து கிடக்கும் ஓர் ஏரியின் மேல்தான். வாகன உதிரிபாகத் தொழிலில் இருக்கும் கோயமுத்தூர்க்காரனுக்கு அந்த ஊர் வாய்ப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அங்கே குளிர்காலத்தில் செயின்ட் கிளேர் ஏரி ஐஸாக இறுகியதும், கடலில் விண்ட்சர்ஃபிங் செய்கிற, அதாவது பலகை மேல் நின்று கையில் பிடித்து ஓட்டுகிற, அதே காற்றுப்பாயை எடுத்துக்கொண்டு ஆட்கள் ஐஸ் மேல் இறங்குகிறார்கள். பலகையின் அடியில் மட்டும் எஃகு பிளேடுகள் இருக்கும்.

இதை மச்சானிடம் போனில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் காற்றாலைப் பராமரிப்பில் இருப்பவர். "மாப்ள, காத்து அடிக்கறது இருவத்தஞ்சு, நீங்க போறது அறுவதுங்கறீங்க. கணக்கு எங்கியோ உதைக்குதுங்க" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார். அதனால் இந்த ஆடியில் ஊருக்கு வந்தபோது, பாய் ஒன்றையும், பாய்மரத்தைப் பலகையோடு இணைக்கும் அடிமூட்டு ஒன்றையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டேன். ஐஸ் கொண்டுவர முடியாது. காய்ந்த குளம் நம்மூரில் இருக்கிறதே.

பலகை செய்ய கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் பாயையோ படத்தையோ கவனிக்கவில்லை, அடிமூட்டைத்தான் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "லாரி ஷாஃப்ட்ல வர்ற ஜாயின்ட் வேலையத்தானுங்க இதுவும் பண்ணுது" என்றார். உண்மைதான். பாய்மரத்தை எந்தப் பக்கமும் சாய்க்கவிடும் இந்த மூட்டுதான் விண்ட்சர்ஃபிங்கின் உயிர். கலிபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹோய்ல் ஷ்வைட்சரும் 1968இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த பலகையின் நடுவிலும் இதுதான் இருந்தது. படகில் பாய்மரம் நட்டுக்குத்தாக நிற்கும், சுக்கான் தனியாக இருக்கும். இங்கே சுக்கான் கிடையாது. பாயை முன்னே சாய்த்தால் பலகை ஒரு பக்கம் திரும்பும், பின்னே சாய்த்தால் மறுபக்கம். பட்டறைக்காரர் கனமான பிளைவுட் பலகையில் நான்கு காற்றடைத்த சின்னச் சக்கரங்களைப் பொருத்தி, பேரிங் போட்டு, சாய்த்தால் திரும்புகிற மாதிரி அச்சும் செய்துகொடுத்தார். பாய்மரத்துக்கு அலுமினியக் குழாய். கூலியைச் சொல்லக் கூச்சப்பட்டார். வேலையைச் செய்து முடித்துவிட்டுக் காசைச் சொல்லக் கூசுகிற ஊர் இது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சானின் பிக்கப் வண்டியில் கிளம்பினோம். சூலூர், பல்லடம் வரைக்கும் சொல்ல ஒன்றுமில்லை. கம்பெனி, கல்யாண மண்டபம், கறிக்கோழி வண்டி. பல்லடத்தில் உடுமலை சாலையில் திரும்பிக் கேத்தனூரை நெருங்கும்போதுதான் காட்சி மாறும். இரண்டு பக்கமும் காற்றாலைகள். பழைய குட்டை ரகமும் புதிய நெட்டை ரகமும் கலந்து, கீழே சோளக்காடும் மேய்ச்சல் நிலமுமாக இருக்கும். கொங்கு நாட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நேரே வால்பாறைக்கும் ஊட்டிக்கும் ஏறிவிடுகிறார்கள். ஜூலையில் இந்தச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் சும்மா நின்று பார்க்கலாம், அவ்வளவு அழகு. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

ஒரு நெட்டைக் காற்றாலை பக்கத்தில் மச்சான் வண்டியை ஓரங்கட்டினார். அதை வைத்தே கணக்கை முடித்துவிடலாம் என்று தோன்றியது.

"இதோட விட்டம் என்ன மச்சான்?"

"நூறு மீட்டர்னு வெச்சுக்கங்க."

"சுத்து?"

"நிமிசத்துக்குப் பதினஞ்சு."

செல்போனில் தட்டினோம். இறக்கையின் நுனி மணிக்கு 280 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. அடிக்கிற காற்று 36 என்று வைத்தாலும் நுனி அதைப்போல ஏழெட்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறது. தினமும் அதற்குள் ஏறி இறங்குகிற மனிதர் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: "அட, பிளேடு காத்துக்குக் குறுக்கால ஓடுதுங்க. காத்துகூடவா ஓடுது?"

சூட்சுமம் அதுதான். காற்று முதுகில் தள்ள ஓடினால் காற்றின் வேகத்தைத் தாண்டவே முடியாது. அந்த வேகத்தை எட்டிய உடனே பாயில் காற்றே இருக்காது. குறுக்கே ஓடினால் கதை வேறு. ஓட ஓட எதிர்க்காற்று பிறக்கும். அடிக்கிற காற்றும் அதுவும் சேர்ந்து பாய்க்குப் புதிய, இன்னும் வலுவான காற்றாக வரும். அது இன்னும் வேகம் கொடுக்கும். இது எங்கே போய் நிற்கும் என்பதை அடியில் இருக்கிற உராய்வுதான் முடிவு செய்கிறது. தண்ணீரில் சீக்கிரம் நின்றுவிடும். எஃகு பிளேடு வழுவழுப்பான ஐஸ் மேல் ஓடும்போது உராய்வு எடையில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான், அதனால் வேகம் ஏறிக்கொண்டே போகும். காற்றாலை இறக்கைக்கு அடியில் தரையே கிடையாது, பேரிங் மட்டும்தான். இறக்கை அடியில் ஒரு கோணத்திலும் நுனியில் வேறு கோணத்திலும் முறுக்கியிருப்பது ஏன் என்பதையும் மச்சானே விளக்கினார். நுனி வேகமாகப் போவதால் அதற்குக் காற்று ஏறக்குறைய எதிரிலிருந்து வருகிற மாதிரி இருக்குமாம். ஐஸில் நாங்கள் பாயை உடம்போடு இறுக்கி இழுத்துப் பிடிப்பதும் அதே காரணத்துக்குத்தான்.

செயின்ட் கிளேர் ஏரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழமோ மூன்றரை மீட்டருக்குள். பரந்து கிடக்கிறது, ஆழம் இல்லை, அதனால் சீக்கிரம் உறைகிறது. ஆனால் வடக்கேயிருந்து ஆறு வந்து சேருகிற இடத்திலும், கப்பல் போக நடுவே ஆழப்படுத்திய தடத்திலும் ஐஸை நம்பக் கூடாது. இறங்குவதற்கு முன்னால் துளை போட்டு அளக்க வேண்டும். ஆள் நடக்கக் குறைந்தது நான்கு அங்குலம் தெளிவான ஐஸ் வேண்டும் என்பது பொதுவிதி. உள்ளே இருட்டுத் தெரிகிற கண்ணாடி ஐஸ்தான் வலுவானது. வெள்ளையாக, நுரைத்த மாதிரி இருப்பதற்கு அதில் பாதி பலம்தான். மார்ச் மாதத்து ஐஸ் தடிமனாகவே இருந்தாலும் வெயிலில் உள்ளுக்குள் உளுத்துப் போயிருக்கும். எல்லோர் கழுத்திலும் இரண்டு கூர்முனைப் பிடிகள் தொங்கும். உடைந்து உள்ளே விழுந்தால் விளிம்பில் அவற்றைக் குத்திப் பிடித்துத்தான் மேலே ஊர்ந்து வர முடியும். வெறுங்கை வழுக்கும்.

புதிதாகப் போகிறவர்களைப் பயமுறுத்துவது சத்தம். வெப்பநிலை ஏறி இறங்கும்போது ஐஸ் விரிந்து சுருங்கி, எங்கேயோ தூரத்தில் 'டொம்' என்று முழங்கும். நல்ல கெட்டியான ஐஸும் அப்படித்தான் முழங்கும் என்பதை உடம்பு நம்ப நாளாகிறது. குளிரும் பொய் சொல்லாது. மைனஸ் 10 டிகிரியில் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு மைனஸ் 20 மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் குளிரிலும் ஒரு லாபம் உண்டு. குளிர்ந்த காற்று கனமானது. நம்மூர் 32 டிகிரி காற்றைவிட மைனஸ் 10இல் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் கூடுதல். அதே வேகத்தில் அடித்தாலும் பாயை அவ்வளவு கூடுதலாகத் தள்ளும்.

ஓடுவது எப்படி இருக்கும் என்றால், முதலில் நாலு எட்டு ஓடிப் பலகையைத் தள்ளி, தாவி ஏறி, பாயை இழுக்க வேண்டும். இழுத்த கணமே கிளம்பிவிடும். அலை கிடையாது, தெறிக்கிற தண்ணீர் கிடையாது. பிளேடு ஐஸைக் கீறுகிற சீறல் மட்டும் கேட்கும். பிரேக் இல்லை. நிறுத்தக் காற்றை நோக்கித் திரும்ப வேண்டும், இல்லையென்றால் பாயைத் தளர்த்த வேண்டும். தூண்டில்காரர்கள் போட்ட குடிசைகளும் துளைகளும் வழியில் இருக்கும், கண் எப்போதும் முன்னேயே இருக்க வேண்டும். மேலே பனி பொழிந்து மூடிவிட்டால் பிளேடு புதையும், அன்றைக்கு ஆட்டம் அநேகமாக முடிந்தது. குளிர்காலம் முழுக்கப் போய்ப் பார்த்தாலும் நல்ல ஐஸும் நல்ல காற்றும் சேர்ந்து கிடைக்கிற நாள் கொஞ்சம்தான்.

டெட்ராய்ட்டுக்கும் இந்த விளையாட்டுக்கும் இன்னொரு உறவும் உண்டு. 1936–37 குளிர்காலத்தில் 'டெட்ராய்ட் நியூஸ்' பத்திரிகை நடத்திய பொழுதுபோக்குப் பட்டறையில்தான் டிஎன் என்ற ஐஸ் படகு பிறந்தது. பத்திரிகையின் முதலெழுத்துகளே அதன் பெயர். 12 அடி நீளம், 60 சதுர அடிப் பாய், மூன்று பிளேடு. வீட்டில் தச்சுவேலை தெரிந்தவர் யாரும் செய்துகொள்ளலாம் என்பதுதான் நோக்கம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் அந்தப் படகு இன்றைக்கும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பந்தயம் ஓடுகிறது. அதற்கு முன்னாலேயே, 1871இல், உறைந்த ஹட்சன் ஆற்றின் மேல் 'ஐசிக்கிள்' என்ற பாய்ப்படகு கரையோரம் போன சிகாகோ எக்ஸ்பிரஸ் ரயிலை முந்தியிருக்கிறது. இதைக் கேட்டதும் மச்சான், "நம்ம பாசஞ்சர் ரயிலுக்குப் பாய் எதுக்குங்க, ஆடே போதும்" என்றார்.

குடிமங்கலம் நால்ரோட்டில் கிழக்கே தாராபுரம் பக்கம் திரும்பியதும் காற்று முதுகுக்கு வந்தது. உப்பாறு அணையைப் பார்த்தோம். தண்ணீருக்காக விவசாயிகள் வருடம் தப்பாமல் குரல் கொடுக்கிற அணை அது. அன்றைக்கும் பெரும்பகுதி காய்ந்துதான் கிடந்தது, நடுவில் சேறு. அங்கே விளையாட மனசு வரவில்லை. குண்டடம் தாண்டி உள்ளே தள்ளி, ஒரு பெரிய காய்ந்த குளத்தில் இறங்கினோம்.

பாயைக் கட்டி நிறுத்தவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தொரட்டியோடு வந்து நின்றார். "ஏனுங் தம்பி, கூடாரங் கட்டறீங்ளா?" என்றார். விளக்கினோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "காத்து பத்து மணிக்கு மேலதானுங் பலமா வரும், செத்த இருங்க" என்று சொல்லிவிட்டு வேலமர நிழலில் உட்கார்ந்தார். பத்தரைக்கு வந்தது. வானிலைச் செயலியில் இதைவிடத் துல்லியமாக நான் பார்த்ததில்லை.

பலகை ஓடியது. வடக்கே கரையைப் பார்த்து நிறுத்தி, மேற்கிலிருந்து வந்த காற்றைப் பாயில் வாங்கியதும் உருண்டு கிளம்பி, வெடித்த களிமண் பாளங்கள் மேல் கடகடவென்று, முழங்கால் எல்லாம் அதிர ஓடியது. மச்சான் பக்கத்தில் பைக்கில் வந்து மீட்டரைப் பார்த்தார். இருபதைத் தொட்டது, தாண்டவில்லை. காற்று அதைவிட வேகமாகவே அடித்துக்கொண்டிருந்தது. ஐஸில் அந்தக் காற்று இருந்திருந்தால் நான் ஐம்பதில் போயிருப்பேன். புழுதியும் வெடிப்பும் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து இழுத்தன. காலையில் காற்றாலையின் அடியில் போட்ட கணக்கு காலுக்கடியிலேயே நடந்துகொண்டிருந்தது. குளத்தின் நடுவே இறுகிப் போயிருந்த ஒரு துண்டு நிலத்தில் மட்டும் சட்டென்று வேகம் ஏறியது. அந்த இடத்தில்தான் மச்சானுக்கும் ஆசை வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி, விழுந்து, மறுபடி ஏறி, மதியம் வரைக்கும் இறங்கவில்லை. சீமைக்கருவேல முள் ஒரு டயரைப் பதம் பார்த்த பிறகுதான் நிறுத்தினோம்.

"ஏனுங், இதுல பின்னால ஆள உக்கார வெக்கலாமுங்ளா?" என்று பெரியவர் கேட்டார். முடியாது என்றதும் அவருக்கு இதில் இருந்த அக்கறை போய்விட்டது. ஆடுகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

குண்டடத்தில் டீ குடிக்கும்போது மச்சான் சிகரெட் அட்டையின் பின்னால் படம் போட ஆரம்பித்திருந்தார். காற்றடைத்த டயர் வேண்டாம், கெட்டி ரப்பர் போடலாம், விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வெடிப்பில் விழாது, அச்சை இன்னும் அரை அடி அகலப்படுத்தினால் கவிழாது என்று அடுக்கினார். காற்று செப்டம்பர் வரைக்கும் இருக்கிறது, எனக்குத்தான் லீவு இல்லை. பாயை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். சக்கரம் கிடைத்துவிட்டது, பட்டறைக்காரர்தான் பேரிங் சைஸை உறுதி செய்யச் சொல்கிறார் என்று நேற்று செய்தி வந்திருக்கிறது.