எந்த வழியாக வந்தீர்கள்?

கனடாவில் அகதிக் கோரிக்கை வைக்கிற எவரும் பயண வழியை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தெந்த நாடு, எங்கே எத்தனை நாள், யாருடைய கடவுச்சீட்டு, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனுக்கு எவ்வளவு. ஊரில் உயிருக்கு என்ன ஆபத்து என்று சொல்லக் காத்திருக்கிறவனிடம் வழியைப் பற்றி ஏன் இவ்வளவு தோண்டுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. வன்கூவரில் கொஞ்சக் காலம் இருந்தபிறகுதான் அந்தக் கேள்விக்கு என் அப்பாவைவிட வயது கூட என்று தெரிந்தது.

1908இல் கனடா ஒரு விதி போட்டது. சொந்த நாட்டிலிருந்து இடையில் எங்கும் மாறாமல், ஒரே பயணமாக வருகிறவர்களுக்குத்தான் அனுமதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இந்தியாவிலிருந்து அப்படி நேரே வரக் கப்பல் சேவையே இருக்கவில்லை. இந்தியரும் பிரிட்டிஷ் மன்னரின் பிரஜைகள் என்பதால், 'இந்தியன் வராதே' என்று வெளிப்படையாக எழுதினால் பேரரசுக்கு இந்தியாவில் தலையிடி. அதனால் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் வழியை மட்டும் கேட்டார்கள். நல்ல மூளைதான்.

நான் முதலில் வேலை செய்த சமையலறை கோல் ஹார்பருக்குப் பக்கம். பாத்திரம் கழுவும் இடத்தில் என்னோடு நின்ற பஞ்சாபிக்காரரைப் பாஜி என்று கூப்பிடுவேன். ஒரு நாள் இடைவேளையில் கரையோரத்து நினைவுச்சின்னத்துக்குக் கூட்டிப்போய், "கொமகட்டா மாரு நின்றது இந்தத் தண்ணீரில்தான்" என்று காட்டினார். 1914 மே மாதம் 376 பேரோடு வந்த கப்பல் அது. பெரும்பாலானோர் சீக்கியர், பேரரசின் படையில் இருந்தவர்களும் அதில் உண்டு. கப்பல் ஹொங்கொங்கிலிருந்து புறப்பட்டது, ஆகவே 'நேர்ப் பயணம்' இல்லை. முன்பே கனடாவில் வசித்துத் திரும்பிய சிலரைத் தவிர வேறு எவரையும் இறங்க விடவில்லை. இரண்டு மாதம் கரையைப் பார்த்தபடி கிடந்தார்கள். பொலிஸ் இழுவைப்படகில் வந்து கப்பலில் ஏறப் பார்த்தபோது, பயணிகள் நிலக்கரியால் எறிந்து துரத்தினார்கள். கடைசியில் கனடாவின் போர்க்கப்பல் ஒன்று வந்து நிற்க, ஜூலை 23ஆம் தேதி கப்பல் திரும்பியது.

அப்புறம் நடந்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இரண்டு வாரம் ஆகுமுன் முதலாம் உலகப் போர் தொடங்கிவிட்டது. செப்டம்பர் கடைசியில் இந்தியச் சிப்பாய்கள் பேரரசுக்காகச் சண்டை பிடிக்க பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கினார்கள். அதே நாட்களில் கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் இந்தக் கப்பலின் பயணிகளில் இருபது பேரளவில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாவதற்கு ஐரோப்பாவில் இறங்கலாம். மரம் அறுத்துப் பிழைக்க வன்கூவரில் இறங்கக் கூடாது.

2010 ஆகஸ்டில் இதே பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துக்கு 'சன் சீ' என்ற கப்பல் வந்தது. 492 பேர், எல்லாரும் எங்கட ஆட்கள், இலங்கைத் தமிழர். இந்த முறை கப்பலைத் திருப்பவில்லை. அது பெரிய மாற்றம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்களை அடைத்து வைத்தார்கள். 2012இல் வந்த சட்டப்படி, கூட்டமாக இப்படி வருகிறவர்களை அமைச்சர் தனி வகையாக அறிவிக்கலாம். அகதி என்று ஏற்றுக்கொண்டாலும் ஐந்து வருடத்துக்கு நிரந்தர வதிவிடம் கேட்க முடியாது. திரும்பவும் வந்த விதம்தான் குற்றம்.

அந்தக் கப்பலில் வந்த தம்பி ஒருவன் பிறகு என்னோடு வேலை செய்தான். "அண்ணை, வெளியில விட்டாப்பிறகு வெள்ளைக்காரன்ர கேள்வியைவிட எங்கட ஆக்களின்ர கேள்விதான் கூட. கப்பலுக்கு எவ்வளவு குடுத்தனீ, ஆர் காசு தந்தது எண்டு. பிளேனில வந்தவைக்கு நாங்கள் ஒரு மாதிரித்தான்" என்பான். அவன் சொன்னது பொய்யில்லை. நானும் அந்தப் பேச்சைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை அங்கத்தைய மீனவர்கள் காப்பாற்றினார்கள். 'நாங்கள் இந்தியாவிலிருந்து வருகிறோம்' என்று அந்தத் தமிழர்கள் முதலில் சொன்னார்கள். உண்மையில் புறப்பட்டது மேற்கு ஜெர்மனியிலிருந்து. பொய்யர்கள் என்று பேச்சுக் கிளம்பியது. வழியை வைத்தே ஆளை எடைபோடுகிற நாட்டில் வழியைத்தானே மறைப்பார்கள்?

பிள்ளைகளைக் கோடைக் கண்காட்சிக்குக் கூட்டிப்போன இடம் வன்கூவரின் ஹேஸ்டிங்ஸ் பார்க். ராட்டினம், பஞ்சுமிட்டாய், ஆடு மாடு பார்க்கும் கொட்டகை என்று சின்னவளுக்குக் கால் தரையில் படவில்லை. அங்கே இருந்த ஓர் அறிவிப்புப் பலகையை வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஜப்பானோடு போர் நடந்த 1942இல் இந்தக் கால்நடைத் தொழுவங்களில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்திருக்கிறார்கள். கடற்கரையிலிருந்து 100 மைலுக்குள் இருந்த அவர்களை எல்லாம் கிளப்பினார்கள். மொத்தம் 22,000 பேரளவில். பெரும்பாலானோர் கனடாவிலேயே பிறந்தவர்கள் அல்லது குடியுரிமை பெற்றவர்கள். மாடு கட்டும் தடுப்புகளுக்குள் போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு, குடும்பத்துக்குக் கொஞ்சம் மறைவு தேடியிருக்கிறார்கள்.

இலங்கையில் போர் முடிந்த 2009இல் சனத்தை அடைத்து வைத்த செட்டிக்குளம் முகாமில் அம்மாவும் சேலையை அப்படித்தான் கட்டினார். ஒரே கூடாரத்தில் மூன்று குடும்பம். உடுப்பு மாற்றும்போது யாராவது ஒருவர் சேலையின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் அந்தப் பலகைக்கு முன்னால் எனக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. முள்வேலி போடுகிற எல்லா அரசும் 'பாதுகாப்புக்காக' என்றுதான் சொல்கிறது.

செட்டிக்குளத்தில் நான் காணாத ஒன்றும் இங்கே நடந்தது. அடைக்கப்பட்டவர்களின் வீட்டையும் தோட்டத்தையும் மீன்பிடிப் படகையும் அவர்களைக் கேளாமலே அரசு விற்றுவிட்டது. போர் முடியும் தறுவாயில், ரொக்கி மலைக்குக் கிழக்கே போ, இல்லாவிட்டால் ஜப்பானுக்குப் போ என்றார்கள். 1949வரை கடற்கரைக்குத் திரும்ப முடியாது. ரொறன்ரோவில் ஜப்பானியர் தொகை கூடியதற்கு அது ஒரு காரணம். அதே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் தமிழ்க் கடைகள் நிறைந்ததற்கு இலங்கையின் 1983 ஜூலைக் கலவரம் எப்படியோ அப்படி. சனம் எங்கே போய்க் குடியேறுவது என்பதைப் பலமுறை துரத்தியவனே முடிவு செய்திருக்கிறான்.

ஸ்டான்லி பார்க்கில் வெள்ளைக் கல் தூண் ஒன்று, உச்சியில் விளக்கு. முதலாம் உலகப் போரில் இறந்த ஜப்பானியக் கனடியர்களுக்காக 1920இல் கட்டியது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் அவர்களைப் படையில் சேர்க்கவில்லை. அல்பேர்ட்டாவரை போய்ச் சேர்ந்த 222 பேரில் 54 பேர் திரும்பவில்லை. உயிரோடு வந்தவர்களுக்கு வாக்குரிமை கிடைக்க 1931 ஆனது. அடுத்த போர் வந்ததும் தூணில் இருந்த விளக்கையும் அணைத்துவிட்டு, 1985இல்தான் மறுபடி ஏற்றினார்கள். செத்துக் காட்டிய பிறகும் சந்தேகம்.

சீனரின் கதையும் இந்த வகைதான். ரயில் பாதை போட ஆள் தேவைப்பட்டபோது ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். பாதை முடிந்த 1885இலேயே, உள்ளே வருகிற சீனருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைவரி போட்டார்கள். 50 டொலரில் தொடங்கி 1903இல் 500 ஆக்கினார்கள். 1923 முதல் 1947வரை அநேகமாக முழுத் தடை. பல தொழில்கள் மூடப்பட்டதால் சலவைக்கடையும் சாப்பாட்டுக்கடையும் வைத்தார்கள். இன்று கனடாவின் சின்னச் சின்ன ஊர்களிலும் ஒரு சீன உணவகம் இருக்கிறது. அதைப் 'பன்முகப் பண்பாடு' என்று எல்லாரும் ரசித்துச் சாப்பிடுகிறோம், நானும்தான். வேறு வேலைக்கு விடாததும் அதில் ஒரு பங்கு என்று எந்த மெனு அட்டையிலும் போடுவதில்லை.

போன நத்தாருக்கு ஒரு சொந்தக்காரர் வீட்டில் பேச்சு இப்போது வருகிற வெளிநாட்டு மாணவர்கள் பக்கம் திரும்பியது. "இவங்களாலதான் வாடகை ஏறினது, வேலையும் இல்லை. நிப்பாட்டவேணும்" என்றார் மாமா. எண்பதுகளில் மூன்று நாடு தாண்டி, வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்தவர் அவர். "மாமா, உங்களைப் பற்றியும் அப்ப இதைத்தானே சொன்னவங்கள்?" என்றேன். "அது வேற, நாங்கள் சண்டையால வந்தனாங்கள்" என்றார். வீடுகள் போதாது என்பது உண்மைதான், அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் அவர் பேசியது வீட்டைப் பற்றியில்லை, முகத்தைப் பற்றி. மாமி கொத்துரொட்டியைக் கொண்டுவந்து வைத்துப் பேச்சை மாற்றிவிட்டார்.

அதற்குள் எனக்குக் குடியுரிமைப் பரீட்சைக்கு அழைப்பு வந்தது. படிக்கத் தரும் கையேட்டில் தலைவரியும் ஜப்பானியர் வெளியேற்றமும் இருக்கின்றன, அரசு மன்னிப்புக் கேட்ட ஆண்டுகளோடு: 2006, 1988. எங்கள் நாட்டுப் பாடப்புத்தகத்தில் இப்படி ஒரு வரியை நான் வாசித்ததில்லை. அந்த மட்டில் இந்த நாட்டை எனக்குப் பிடித்துப்போனது.

சத்தியப்பிரமாணத்தில்தான் சிரிப்பு வந்தது. அப்பா பிறந்தபோது ஜோர்ஜ் மன்னரின் பிரஜை. 1972இல் இலங்கை குடியரசாகி ராணியை விட்டது. மகன் இங்கே வலது கையை உயர்த்தி, சார்ள்ஸ் மன்னருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் விசுவாசமாக இருப்பேன் என்று சொல்ல வேண்டும். அதே உறுதிமொழியில் பூர்வீகக் குடிகளின் உரிமைகளைப் பற்றிய வரியும் 2021இலிருந்து இருக்கிறது. நிலத்தை எடுத்த மன்னராட்சியும், நிலத்தை இழந்தவர்களும் ஒரே மூச்சில். உறுதிமொழியைச் சொன்னேன். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அப்ப திரும்பவும் வெள்ளைக்காரன்ர ஆட்சியோ?" என்று கேட்டுவிட்டு, பாஸ்போர்ட் எப்ப கையில கிடைக்கும் என்றார்.