நாலேகால்

"நீங்க எழும்பினீங்க அண்ணா, அதான் நாங்களும் எழும்பினம்."

பிளேன்டீ கோப்பையைக் கழுவிக்கொண்டே எங்கள் கந்தோரில் கூட வேலை செய்யும் அந்தப் பிள்ளை சொன்னது. குரலில் குற்றம் இல்லை, வெளியே மழை பெய்கிறது என்பது போலத்தான் சொன்னாள். இரண்டு மாதமாகியும் காதை விட்டுப் போகவில்லை.

மாதக் கடைசியில் ஐந்து பேரும் ஆறு மணி வரை இருந்து கோப்புகளை முடிப்போம். ஓ.டி. கிடையாது, யாரும் போட்ட சட்டமும் இல்லை. அப்புறம் ஒருவர் நாலேகாலுக்கே பையைத் தூக்க ஆரம்பித்தார். மூதூர் பஸ் என்றார். இரண்டு மாதம் பொறுத்தேன். மூன்றாம் மாதம் நானும் எழும்பிவிட்டேன். என் வீடு திருகோணமலை நகருக்குள்ளேயே, உவர்மலையில். பஸ்ஸைச் சாட்டுச் சொல்லவும் வழியில்லை.

நியாயம் என் பக்கம் என்றுதான் நினைத்தேன், இப்பவும் பாதி அப்படித்தான். கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலையில், இழுக்காதவனுக்கு இழுப்புப் பங்கு இல்லை. கந்தோரில் இழுத்தவனுக்கும் இழுக்காதவனுக்கும் ஒரே சம்பளம். பிறகு நான் மட்டும் ஏன் கை காய இழுக்க வேண்டும்?

ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபெயர் என்ற பொருளியலாளர் மூவர் 2001இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு ஆறுதலாக இருந்தது. நாலு பேர் குழு, ஆளுக்குக் காசாக மாற்றக்கூடிய 20 வில்லை; கையில் வைக்கலாம், பொதுவில் போடலாம். பொதுவில் போடும் ஒவ்வொரு வில்லைக்கும் நால்வருக்கும் ஆளுக்கு 0.4 வில்லை திரும்பும். போட்டவருக்கு நட்டம், குழுவுக்கு லாபம். அதில் பாதிப் பேர் மற்றவர்கள் சராசரியாக எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்துத்தான் போட்டார்கள். மூன்றில் ஒருவர் அளவில், யார் என்ன போட்டாலும் ஒன்றும் போடவில்லை. சரி, நான் அந்தப் பாதியில் ஒருத்தன், சாதாரண மனுசன்.

ஆனால் அந்தப் பாதிப் பேரும் பெரும்பாலும் மற்றவர்களை விடக் கொஞ்சம் குறைத்தே போட்டார்களாம். ஆளாளுக்குக் கொஞ்சம் குறைக்கக் குறைக்க எல்லாம் இறங்கிப்போகும்.

அது கூடப் பரவாயில்லை. அவர்கள் பார்த்தது சராசரியை. நான் பார்த்தது ஒரே ஒருவரை. மிச்ச மூன்று பேர் ஆறு மணி வரை குனிந்த தலை நிமிராமல் இருந்ததை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அவர்களைப் பார்த்திருந்தால் நான் இருந்திருக்க வேண்டும். அல்லது போவதற்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

அவரிடம் ஏன் போகிறீர்கள் என்று ஒரு தரம் கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இருக்க வேண்டி வந்திருக்கும்.

போன மாதக் கடைசியில் நாலேகாலுக்குப் பையோடு வெளிக்கிட்டேன். மூதூர்க்காரர் மேசையில் கோப்பு விரித்து இருந்தார். அவர் நிமிர முன்னம் படி இறங்கிவிட்டேன்.