கொஞ்ச நேரம் பார்க்கலாம் சிஸ்டர்

பள்ளி நர்ஸிடம் யாரும் நேராக "நீங்கள் சொல்வது தப்பு" என்று சொல்வதில்லை. "கொஞ்ச நேரம் பார்க்கலாம் சிஸ்டர்", "அவங்க அப்பா வரட்டும்", "இந்த ஒரு பரீட்சை முடியட்டும்" என்றுதான் வரும். குரலில் மரியாதை குறையாது. ஆனால் சிக் ரூமில் எடுத்த முடிவு அங்கேயே நின்றுவிடும். பிள்ளைகளுக்கு வரும் அவசரங்களில் அரை மணி நேரம் என்பதே பெரிய அவகாசம். அந்த நேரத்தில் தள்ளிப்போடுவதும் மறுப்பதும் ஒன்றுதான்.

தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகளில், அதிலும் ஹாஸ்டல் உள்ள பள்ளிகளில், நர்ஸ் பெரும்பாலும் நிர்வாக அலுவலருக்குக் கீழே வேலை பார்க்கிறார். அட்மிஷன் சமயத்தில் விண்ணப்பம் சரிபார்க்கவும் அவரையே உட்கார வைப்பார்கள். சம்பளம் கரெஸ்பாண்டென்ட் கையில். ஆனால் தொழில் பதிவு நர்ஸின் சொந்தப் பெயரில் இருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் "நர்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார்?" என்ற கேள்வி அவரைத் தேடித்தான் வரும். "பொறுங்கள்" என்று சொன்னவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

நிர்வாகத்தின் பயங்களும் பொய்யானவை அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனால் எம்.எல்.சி. (போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ் என்ற பதிவு) போடுவார்கள், போலீஸ் வரும், பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், பக்கத்துப் பள்ளி வரைக்கும் பேச்சுப் போகும். இவற்றுக்குப் பதில் உண்டு. விபத்தில் அடிபட்டவருக்குச் சிகிச்சை தர எந்தச் சட்ட நடைமுறைக்காகவும் காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே சொல்லிவிட்டது. பெற்றோர் சம்மதம் பெற நேரமில்லாதபோது பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வதற்குப் பாரதிய நியாய சன்ஹிதா 30-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. பழைய தண்டனைச் சட்டத்தில் 92-ஆம் பிரிவாக இருந்தது இது. இதைப் பிரின்சிபாலிடம் சொல்ல வேண்டிய நேரம் பிள்ளை மயங்கிக் கிடக்கும்போது அல்ல. ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த முதல் வாரத்தில்.

ஹாஸ்டல் காய்ச்சலில்தான் நர்ஸின் கணிப்பும் நிர்வாகத்தின் கணிப்பும் அதிகம் மோதுகின்றன. மூன்று நாள் காய்ச்சல், நான்காம் நாள் காலையில் 98.6. வார்டன் சார்ட்டைப் பார்த்துவிட்டு, "விட்டுடுச்சே, கிளாஸுக்கு அனுப்புங்க" என்பார். பார்ப்பவர் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். டெங்குவில் ஆபத்து தொடங்குவதே அங்கேதான். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், சூடு இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிறது; அந்தக் கட்டம் 24 முதல் 48 மணி நேரம் இருக்கும். அப்போது தெர்மாமீட்டரால் பயனில்லை. வயிற்று வலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், காரணமில்லாத அமைதியின்மை, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். ரத்த அழுத்தத்தில் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் 20 அல்லது அதற்கும் கீழே வந்துவிட்டால் பிள்ளை ஷாக்கில், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத ஆபத்தான நிலையில், இருக்கிறது. மேல் எண் 100 என்று நன்றாகத் தெரிந்தாலும், கீழ் எண் 80 இருந்தால் அது மோசமான செய்திதான். எல்லோரும் பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் கேட்பார்கள். ரத்தம் கெட்டியாவதைக் காட்டும் ஹெமட்டோக்ரிட் ஏறுவதை யாரும் கேட்பதில்லை.

ஆகவே காய்ச்சல் சார்ட்டில் சூட்டை மட்டும் எழுதாதீர்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், கடைசியாகச் சிறுநீர் போன நேரம் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். "காய்ச்சல் இல்லை" என்று ஒரே வரியில் படிக்க முடியாத சார்ட், அவசரப்பட்டு முடிவு எடுப்பவரைக் கொஞ்சம் நிறுத்தும். மாத்திரையிலும் இதே தகராறு உண்டு. "சீக்கிரம் இறங்கட்டும்" என்று இப்யூப்ரோஃபென் கேட்பார்கள். டெங்கு சந்தேகம் இருக்கும்வரை அதுவும் ஆஸ்பிரினும் கூடாது. பாராசிட்டமால் மட்டும், கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில். 30 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 450 மில்லிகிராம். 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

ஆஸ்துமாவில் குறுக்கே நிற்பது ஒரு பூட்டு. "மாணவர் பையில் மருந்து இருக்கக் கூடாது" என்ற விதியால் இன்ஹேலர் ஆபீஸ் அலமாரிக்குப் போகிறது, சாவி கிளார்க்கிடம், கிளார்க் வங்கிக்குப் போயிருப்பார். நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர் பிள்ளையிடமோ, பூட்டாத முதலுதவிப் பெட்டியிலோதான் இருக்க வேண்டும். கூடவே ஸ்பேசரும், அதாவது இன்ஹேலரோடு பொருத்தி மருந்தை நிதானமாக இழுக்க உதவும் குழலும். மூச்சுத் திணறல் வந்தால் ஒவ்வொரு பஃப்பாக, ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு மூச்சு விட்டு, நான்கு முதல் பத்து பஃப் வரை கொடுத்து, 20 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறது, ரத்தத்தில் ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே என்றால் அந்த 20 நிமிடம் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு மருந்தைத் தொடருங்கள். இன்னொன்று: டப்பாவைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து மீதியிருக்கிறதா என்று பார்ப்பது தவறு. தீர்ந்த பிறகும் உந்துவாயு வந்துகொண்டிருக்கும். மீதி எத்தனை பஃப் என்று எண் காட்டாத டப்பாவில் தொடங்கிய தேதியை ஒட்டிவையுங்கள்.

இங்கே நர்ஸ் பேசும் விதமும் முடிவை மாற்றும். "சார், பையனுக்கு முடியல, ஹாஸ்பிடல் போகலாமா?" என்று கேட்டால், "இருங்க, பார்க்கலாம்" என்பதற்கு நாமே வழி விட்டுவிடுகிறோம். "ஏழாம் வகுப்பு மாணவன், ஆஸ்துமா உண்டு. பத்து பஃப் கொடுத்து 20 நிமிடம் ஆகிறது. மூச்சு நிமிடத்துக்கு 36, ஆக்சிஜன் 91. 108 வந்துகொண்டிருக்கிறது. கேட்டைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்கு நான் போன் செய்கிறேன்." இதில் நிலைமை இருக்கிறது, அளவு இருக்கிறது, செய்த காரியம் இருக்கிறது, பிரின்சிபாலுக்கு ஒரு வேலையும் இருக்கிறது. வேலை கொடுக்கப்பட்டவர் தடுக்க வருவது குறைவு.

தலையில் அடிபட்டால் பி.டி. மாஸ்டர்தான் எதிர்ப்பக்கம். மண்டலப் போட்டி நாளில் "எழுந்து நடக்கிறானே" என்பார். நடப்பது ஒரு சோதனையே அல்ல. அடிபட்ட நேரம் நினைவில்லை, தலைவலி, பதில் தாமதமாக வருகிறது என்று ஒன்று இருந்தாலும் அன்று முழுக்க ஆட்டம் கிடையாது. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான். மூளை தேறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்து வரலாம். வாந்தி தொடர்ந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ, கண்மணிகள் சமமாக இல்லாவிட்டாலோ, காது மூக்கில் தெளிந்த நீர் வடிந்தாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

நிர்வாகம் எப்போதும் ஆபத்தைக் குறைத்தே மதிப்பிடும் என்றும் நினைக்க வேண்டாம். பேன் இருக்கும் பெண் பிள்ளையை அந்த நிமிடமே வீட்டுக்கு அனுப்பச் சொல்லுவார்கள். பேன் நோய் பரப்புவதில்லை. கண்ணில் படும் முன்பே வாரக்கணக்கில் அங்கே இருந்திருக்கும். மதியம் அனுப்புவதற்கும் மாலையில் அனுப்புவதற்கும் பிள்ளைக்கு நேரும் அவமானத்தைத் தவிர வித்தியாசமே இல்லை. அம்மை போட்ட பிள்ளையை மட்டும் பொதுத்தேர்வு என்று சொல்லி மற்றவர்களோடு உட்கார வைப்பார்கள். கொப்புளம் எல்லாம் பொருக்குத் தட்டும்வரை அது பரவும். தனி அறை கேட்க வேண்டியது அங்கேதான்.

நல்ல முடிவும் சில நேரம் கேட்டில் வந்து நின்றுவிடுகிறது. சிக் ரூமில் இருப்பது இன்டர்காம் மட்டும், வெளியே அழைக்க முடியாது. அவுட் பாஸில் கையெழுத்து இல்லாமல் வாட்ச்மேன் திறக்க மாட்டார். பள்ளி வேன் டிரைவர் காலை டிரிப் முடித்து வீட்டுக்குப் போயிருப்பார். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு ஓர் ஆணை எழுதி, பள்ளிக்கு வந்துபோகும் டாக்டர், பிரின்சிபால், கரெஸ்பாண்டென்ட் மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். 108-ஐ அழைக்க நர்ஸ் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அவசரத்தில் அவுட் பாஸ் தேவையில்லை. இன்ன அளவு வந்தால் இன்ன நடவடிக்கை. எண்களோடு எழுதுங்கள். "நிலைமை மோசமானால்" என்று எழுதினால் அது மோசமா இல்லையா என்ற விவாதம் அப்படியே மிஞ்சும். நகல் ஒன்று வாட்ச்மேன் அறையில் ஒட்டப்பட வேண்டும்.

ஆணை இருந்தும் தடுத்தால், நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள்: என்ன பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அவர் சொன்ன பதில் அவர் வார்த்தையிலேயே. கோபத்தை எழுத வேண்டாம். பிறகு பெற்றோருக்கு நீங்களே போன் செய்யுங்கள். பிள்ளையின் உடல்நிலையை அவர்களுக்குச் சொல்வது நர்ஸின் வேலை. முடிவை மாற்றும் பெரிய சக்தி பெரும்பாலும் அந்த ஒரு அழைப்புதான்.

ஒரே ஒரு விஷயத்தில் பேச்சுவார்த்தைக்கே இடமில்லை. பாலியல் கொடுமையைப் பற்றிப் பிள்ளை சிக் ரூமில் வாய் திறந்தால், "உள்ளே விசாரித்துவிட்டுப் பார்க்கலாம்" என்பார்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவில், தெரியவந்த எவரும் போலீஸுக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. பிள்ளையைத் துருவிக் கேட்காதீர்கள், உடை மாற்றவோ குளிக்கவோ சொல்லாதீர்கள், அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவருக்குச் சிவில் பொறுப்போ கிரிமினல் பொறுப்போ வராது என்று அதே 19-ஆம் பிரிவின் ஏழாம் உட்பிரிவு சொல்கிறது.